செசிலியின் மெழுகுதிரி

பேரன் வீட்டில் கரண்டு போய்த் திரும்பியதும் ஊதி அணைத்த மெழுகுதிரியின் புகைவாசம், என்னைப் புன்னக்காயல் கடற்கரைக் குருசடிக்கே கொண்டுபோய்விட்டது. அந்தச் சின்னக் கோயிலைக் கடல் கொண்டு வெகுகாலமாகிறது. பிள்ளை பிறந்தால், ஆளுக்கொரு புனிதரின் பேரைச் சொல்லி அதன் வாசல் மணலில் மெழுகுதிரி நட்டுவைப்பார்கள். கருவாட்டு வாடையோடு கடற்காற்று வந்து வந்து மோத, கடைசிவரை எரியும் திரியின் பேர்தான் பிள்ளைக்கு. என் தங்கச்சிக்கு அம்மா செசிலி என்றும், அத்தை இஞ்ஞாசியம்மாள் என்றும் ஏற்றினார்கள். அத்தையின் திரி நல்ல தடிமன். எனக்கோ செசிலி என்று கூப்பிடத்தான் ஆசை. பாவாடையை விரித்து, செசிலிக்கு மட்டும் காற்றுப் படாமல் முழங்காலிட்டேன்.

"ஏட்டி, அங்கன என்ன செய்யுத?" என்றாள் அத்தை.

"செபம் சொல்லுதேன் அத்தை."

"இந்த வயசுல என்ன பக்தி, பாரேன்!"

அவள் சொல்லி வாய் மூடவில்லை, இஞ்ஞாசியம்மாள் பொசுக்கென்று அணைந்துபோனாள்.

தன் பேரைப் பரலோகமே தேர்ந்தெடுத்தது என்று செசிலி இன்றும் ஊரெல்லாம் பெருமையடிக்கிறாள். பரலோகத்துக்கு அப்போது எட்டு வயது என்பதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.