கடைசி ஜன்னல்

குடிநீர் வாரிய அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் ரசீது தட்டியவள் அவள். எல்லோருக்கும் ஆபரேட்டரம்மா. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி.

சாப்பாட்டு இடைவேளையில் சும்மா கிடந்த கணினியில் அவள் நிரல் எழுதி ஒரு படம் செய்திருந்தாள். அந்தி நேரத்து எதிர்க் கட்டடம். ஜன்னல்களில் விளக்கு ஒவ்வொன்றாக எரியும். கடைசியில் மேல்மாடி மூலை ஜன்னல். அதை வரைவதற்கான எண்கள் மட்டும் நினைவகத்தில் இடம் போதாமல் ஃபிளாப்பியில் கிடந்தன. தேடி எடுப்பதற்குள் கணினி கரகரவென்று இழுத்துக்கொண்டே இருக்கும்.

"அந்த வீட்டு ஆளு இன்னும் வரல போல," என்பார் கேஷியர், வாய் நிறையச் சோற்றோடு. அந்த ஜன்னலும் எரிந்ததும் மொத்தப் பிரிவும் கைதட்டும்.

அவள் ஓய்வு பெற்று ஆறு வருடம் கழித்து, பழைய கணினிப் படங்களைச் சேகரிக்கும் காப்பகத்துப் பெண் எப்படியோ மோப்பம் பிடித்து வீட்டுக்கு வந்தாள். ஃபிளாப்பியிலிருந்து எல்லாவற்றையும் பிரதியெடுத்து, புதுக் கணினியில் ஓட்டிக் காட்டினாள். கண்மூடித் திறப்பதற்குள் எல்லா ஜன்னலும் எரிந்து நின்றன.

"அழகா இருக்கும்மா!"

"இது படமில்லம்மா. படம் முடிஞ்சப்புறம் மிச்சம் இருக்கறது," என்றாள் ஆபரேட்டரம்மா.

மெதுவாகப் போ என்று நிரலில் அவள் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. அன்றைய கணினியே ஆமை. அதற்குப் போய் நிதானம் சொல்லிக்கொடுப்பானேன் என்று விட்டிருந்தாள்.

பழைய வேகத்தை அளந்தெடுக்கத் தேடியதில், அலுவலகம் கழித்துத் தள்ளிய அதே கணினி ஒரு மெக்கானிக்கின் பரணில் கிடைத்தது. "ஒரு தடவை ஓட்டித் தரேங்க்கா. இன்னொரு தடவைன்னு கேட்டீங்கன்னா என்னைத்தான் ஆஸ்பத்திரியில சேர்க்கணும்."

காப்பகத்துப் பெண் கேமராவோடு நின்றாள். ஜன்னல்கள் அதே சோம்பலோடு எரியத் தொடங்கின. கடைசி ஜன்னல் மட்டும் பாக்கி. கரகரப்பு கேட்டது. பிறகு நின்றது. திரை இருண்டு, பின்பக்கத்திலிருந்து கருகிய நாற்றம் வந்தது.

மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "இதோட ஆயுசு அவ்வளவுதாங்க்கா."

"மத்த ஜன்னலுக்கெல்லாம் நேரம் வீடியோவுல இருக்கும்மா," என்றாள் காப்பகத்துப் பெண். "இந்த ஒண்ணுக்கு மட்டும் எவ்வளவுன்னு சொல்லுங்க, நிரல்ல வெச்சுடறோம். வெள்ளிக்கிழமை கண்காட்சி."

ஆபரேட்டரம்மா கேஷியருக்குப் போன் போட்டாள்.

"அதுவா? டிபன் டப்பாவைக் கழுவிட்டு வந்து உக்காருவேன், அப்பதான் எரியும்."

"நீங்க என்னிக்கு சார் டப்பாவைக் கழுவினீங்க? அப்படியே மூடி வீட்டுக்குத்தானே கொண்டுபோவீங்க!"

"அட, ஆமால்ல! அப்ப நீதாம்மா சொல்லணும். செஞ்சவ நீதானே?"

கடிகாரத்தை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி அந்தக் கரகரப்பை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஒரு தடவை இருபது வினாடி வந்தது. இன்னொரு தடவை ஒன்றரை நிமிடம். வியாழக்கிழமை மாலை காப்பகத்திலிருந்து மூன்றாவது முறையாகக் கேட்டபோது, "நாற்பது" என்று சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கூடம் நிரம்பியிருந்தது. சுவரளவு திரையில் ஜன்னல்கள் எரிந்தன. கடைசி ஜன்னலுக்கு முன் சத்தமில்லாத ஓர் இடைவெளி. நாற்பதாவது வினாடியில் டக்கென்று எரிந்தது. கூட்டம் கைதட்டியது. திரைக்குக் கீழே ஓர் அட்டை: 'வேகம்: கலைஞரால் உறுதி செய்யப்பட்டது.'

"அதேதாம்மா! அச்சு அசல் அதே!" என்று கேஷியர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஆமா சார்," என்றாள் ஆபரேட்டரம்மா.