மேகம் மறைத்த போயா

புது நாட்காட்டியில் அரைநிலாப் படத்தைக் கண்டால் இன்றும் எனக்குப் பாலம் வருமுன் இருந்த கிண்ணியாத் துறையின் டீசல்தான் மணக்கும். இலங்கை அரசாங்கம் ஞாயிறு லீவை நிறுத்தி, அமாவாசை, அரைநிலவு, முழுநிலவு என்று நிலவின் கணக்கில் வரும் போயா நாட்களில் லீவு விட்ட சில வருடங்கள் அவை. மாலையில் நிலவின் அளவைப் பார்த்தே மறுநாள் பள்ளிக்கூடம் உண்டா என்று நானும் தங்கச்சியும் முடிவுசெய்வோம். ஒருமுறை மேகம் மறைத்ததில் வெள்ளைச் சட்டையோடு துறைக்குப் போய்விட்டோம்.

"இண்டைக்குப் போயா, புள்ளையள். வந்தது வந்துட்டீங்க, ஏறுங்க," என்றார், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையை ஓட்டிய மாமா. பகல் முழுக்க அக்கரைக்கும் இக்கரைக்குமாக மிதந்தோம், காற்றில் பின்னல் அவிழ.

அடுத்த போயா முழுநிலவு. முந்தின மாலை வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை.

"நிலவு தெரியுதா?" என்றார் உம்மா.

"ஒரே மேகம், உம்மா," என்றேன் நான்.

விடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு வந்து பார்த்தால், பெருநாள் சேலை உடுத்தி, எங்களுக்கு முன்னால் உம்மா துறைக்குக் கிளம்பி நின்றார்.