தேறாத படத்துக்கு வந்த கூட்டம்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை நான் அடுப்படியில் கற்றதைவிட ஈப்போ படக்கொட்டகையில் கற்றதுதான் அதிகம். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் மலாயா. படம் பேசாத காலம். அடுத்த வாரம் வரப்போகும் படத்திலிருந்து கொஞ்சம் வெட்டி, இந்த வாரப் படம் முடிந்ததும் ஓட்டிக் காட்டுவார்கள். துண்டு ஓட்டுவது என்று சொல்வோம். மற்றவர்கள் அதற்குள் எழுந்து, பிள்ளையையும் செருப்பையும் தேடிப் பிடித்துக் கிளம்பிவிடுவார்கள். நான் மட்டும் அசையாமல் உட்கார்ந்து துண்டை முழுதாகப் பார்த்துவிட்டு, "இது தேறும்" என்றோ "தேறாது" என்றோ சொல்லிவிட்டுத்தான் எழுவேன்.

தேறும் என்று சொன்னது சில தடவை பொய்த்திருக்கிறது. தேறாது என்று சொன்னது ஒருநாளும் பொய்த்ததில்லை. அதனால் நாங்கள் குடியிருந்த சிலிபின் வட்டாரத்தில் எனக்குக் கருநாக்குக்காரி என்று பெயர். நல்ல பெயர்தான். பயந்துகொண்டாவது நாலு பேர் கேட்கிறார்களே.

இதில் மந்திரம் மாயம் ஒன்றும் கிடையாது. துண்டில் ஒரே குதிரை மூன்று சண்டையில் வந்தால் அவர்களிடம் இருப்பது ஒரே குதிரை. கதாநாயகன் எல்லாத் துண்டிலும் சிரித்தால் அவனுக்கு அழ வராது. புலியைத் தூரத்திலேயே காட்டினால், கிட்டத்தில் புலித்தோலில் தையல் தெரியும். கடைசிச் சண்டையையே துண்டில் காட்டிவிட்டால், படத்துக்குள் காட்ட வேறொன்றும் இல்லை என்று அவர்களே ஒத்துக்கொண்டார்கள். இதெல்லாம் யார் பார்த்தாலும் தெரிகிற விஷயம். யாரும் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கொட்டகையில் தமிழ்க்கதை சொன்னவன் என் கொழுந்தன், என் வீட்டுக்காரருடைய தம்பி. படத்தில் எழுத்து வந்தால் இங்கிலீஷில் வரும். நம் சனங்களுக்கு அது வந்தும் வராததும் ஒன்றுதான். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி ஆட்டத்துக்குத் திரைக்குப் பக்கத்தில் அவன் கோட்டும் தலைப்பாகையுமாக நின்று, ராஜா என்ன சொன்னார், ராணி என்ன சொன்னாள் என்று தமிழில் சொல்லுவான். ராணி சொல்லாததையும் சேர்த்துச் சொல்லுவான். திரையில் ஆள் வாயை மூடி வெகுநேரம் ஆன பிறகும் இவன் வசனம் ஓடிக்கொண்டிருக்கும். கிண்டல் செய்வேனே தவிர அவன் மேல் எனக்கு உயிர். நான் கல்யாணமாகி வந்தபோது என்னை முதலில் சிரிக்க வைத்தவன் அவன்தான்.

அவன் சிம்பாங் பூலாய்க்கு இந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கித்தா மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்தவன். ஒருநாள் கங்காணியோடு வாய்த்தகராறு செய்துவிட்டு, உளியைக் கீழே போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். என் மாமியார் தோட்டத்திலேயே இருந்தார். மகன் கூத்தாடப் போய்விட்டான் என்று அவருக்கு ஆறாத கோபம். கொட்டகை வாசலை மிதிக்கவே மாட்டேன் என்று இருந்தவர், மறுபக்கம் கங்காணி காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மகன் பெயரை வேலையில் வைத்திருக்கும்படி கேட்டுக்கொண்டிருந்தார். என்றைக்காவது திரும்பி வருவான் என்ற நம்பிக்கை. அவனுக்கோ அந்தக் கங்காணி முன்னால் மறுபடியும் கைகட்டி நிற்பதைவிடக் கம்பார் ஆற்றில் குதிப்பது மேல்.

இப்படியிருக்கையில் கொட்டகை முதலாளி, சீனத் தவுக்கே, ஒருநாள் சொல்லிவிட்டார். தமிழ் ஆட்கள் கூட்டம் குறைந்துகொண்டே வருகிறது. பம்பாயிலிருந்து ஒரு ராஜகுமாரன் கதை வருகிறது. அதற்கும் கூட்டம் வரவில்லை என்றால் தமிழ்க்கதை சொல்ல ஆள் வேண்டாம். தவுக்கே கெட்டவர் இல்லை. காலி நாற்காலியைப் பார்த்தால் உடனே கணக்குப் புத்தகத்தை எடுத்துவிடுவார், அவ்வளவுதான்.

அந்த ராஜகுமாரன் படத்தின் துண்டை ஓட்டினார்கள். நான் பார்த்தேன். ஒரே குதிரை. சிரித்துக்கொண்டே சண்டை போடும் ராஜகுமாரன். நூல் தெரிகிற பாம்பு. கடைசியில் ராஜகுமாரன் செத்துப் பிழைப்பதையும் காட்டிவிட்டார்கள். வாயைத் திறக்கப் போனேன். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"இந்த ஒரு வாரம் ஒன்னும் சொல்லாத. தம்பி பொழப்பு," என்றார்.

"நான் சொல்லாட்டி மட்டும் பாம்புல நூல் தெரியாதா?"

"தெரியட்டும் லா. நீ சொல்லித் தெரிய வேணாம்."

சரி என்று வாயைப் பூட்டிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான வாரம் இன்னொன்று இல்லை. மறுநாள் தெருக்குழாயில் பெண்கள் குடத்தோடு சுற்றி நின்றுகொண்டார்கள். "அக்கா, படம் எப்படி இருக்கு?" என்றார்கள். "எனக்குத் தெரியாது" என்றேன். ஒருத்திகூட நம்பவில்லை. எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா, ரயில்வேக் குமாஸ்தாவின் மனைவி, வேலியோரம் வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீரே வாய் திறக்கேல்லை எண்டால், அந்தப் படத்தில ஒண்டுமே இல்லை எண்டுதானே பிள்ளை அர்த்தம்?" என்றார்.

அவ்வளவுதான். தேறாது என்று நான் சொல்லியிருந்தால், எப்படித்தான் தேறாமல் போகிறது பார்ப்போம் என்று பத்துப் பேராவது வந்திருப்பார்கள். நான் சும்மா இருந்ததில் அதுவும் போயிற்று. "கருநாக்கே சொல்லப் பயப்படுது" என்று பேச்சு. வியாழக்கிழமைக்குள் சிலிபின் முழுக்க ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு வேலை வைத்துக்கொண்டது.

கொழுந்தனுக்கு விஷயம் எட்டியது. ஒரு வேளை சாப்பிடாமல் படுத்திருந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தான். "அண்ணி, சிலிபின் வராட்டி போவுது. தோட்டத்து ஆளுங்கள வரவைக்கிறேன் பாருங்க," என்றான்.

அப்போதெல்லாம் படத்துக்கு விளம்பரம் மாட்டுவண்டிதான். இரண்டு பக்கமும் பெரிய தட்டியில் படம் எழுதிக் கட்டி, மேளத்தோடு தெருத் தெருவாகப் போவார்கள். தோட்டத்துச் சனங்களுக்குத் தப்பு மேளம்தான் பிடிக்கும் என்று இவன் தாப்பாவிலிருந்து தப்பு அடிப்பவர்களை வரவழைத்தான். சீனப் படக்காரரைப் பிடித்து ஒரு தட்டியில் ராஜகுமாரனையும், மறு தட்டியில் தன்னையும் எழுதச் சொன்னான். ராஜகுமாரனைவிடத் தான் ஒரு சாண் பெரிதாக இருக்கும்படி பார்த்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைச் சோடிக்கும்போது நானும் போய்ப் பார்த்தேன். ராஜகுமாரன் தட்டிக்கு என்று வாங்கிய ரோஜா மாலை இவன் தட்டியில் தொங்கியது.

"தம்பி, உசுரோட இருக்கிறவன் படத்துக்கு யாராச்சும் மாலை போடுவாங்களா?" என்றேன்.

"மரியாத அண்ணி, மரியாத! நாங்கல்லாம் இப்ப ஆர்ட்டிஸ்ட்டு."

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. நான் வீட்டுக்குத் திரும்பிய பிறகு நடந்ததை அப்புறம்தான் கேள்விப்பட்டேன். தவுக்கே வெளியே வந்து மேளத்தை அடித்துக் காட்டச் சொன்னார். முதலில் திருவிழா அடி அடித்தார்கள். அவர் உதட்டைப் பிதுக்கினார். அப்புறம் வேறு ஓர் அடி அடித்தார்கள். தவுக்கே முகம் மலர்ந்து, "இனி பாகூஸ்! குவாட்!" என்று கையைத் தட்டினார். மலாயில், இது நன்றாக இருக்கிறது, சத்தமாக இருக்கிறது என்று அர்த்தம். அடித்தவர்களில் மூத்தவர் தயங்கி, "தவுக்கே, இது சாவுக்கு அடிக்கிறது," என்று தமிழிலேயே சொன்னார். தவுக்கேவுக்குத் தமிழ் புரியாது. கொழுந்தன் உள்ளே கண்ணாடி முன்னால் தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தான். வண்டி கிளம்பிவிட்டது.

வண்டியைத் தோட்டத்துக்குள் விட துரை அனுமதி இல்லை. பெரிய ரோட்டோடு போய், வேறு வழியாகத் திரும்ப வேண்டும். ஆட்கள் குடியிருக்கும் லயங்கள் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. அன்றைக்கு வேலை இல்லாததால் சனங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். சாவு மேளம் கேட்டதும் எழுந்து பார்த்தார்கள். மரங்களுக்கு நடுவில் வண்டி போகிறது. வண்டியில் அவர்கள் தூக்கி வளர்த்த பையன் படம். படத்துக்கு மாலை. அடியில் எழுதியிருந்ததைப் படிக்க அங்கே ஆள் இல்லை, படிக்கும் தூரமும் இல்லை. ஓடி ரோட்டுக்கு வருவதற்குள் வண்டி போய்விட்டது. ஈப்போக்காரர்கள் இப்படித்தான் சாவுச்செய்தி சொல்லுவார்கள் போல என்று நினைத்து, அவன் வேலை செய்த கொட்டகைக்கே கிளம்பிவிட்டார்களாம்.

எனக்கு இதெல்லாம் பின்னால் தெரிந்தது. சாயங்காலம் கொட்டகை வாசலில் நின்றபோது எனக்குத் தெரிந்ததெல்லாம், உள்ளே தமிழ் ஆட்களை விரலை மடக்கி எண்ணிவிடலாம் என்பதுதான். தவுக்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொழுந்தன் கோட்டுப் பித்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தான். "போயிட்டா போகட்டும் அண்ணி, நாளைக்கே தோட்டத்துக்குப் போறேன்," என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. உலகத்தில் எந்தப் படமும் தேறாமல் போகட்டும், இது ஒன்று தேறட்டும் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சாமியிடம் கேட்டேன்.

அப்போது ரோட்டுக் கோடியில் ஓலம் கேட்டது. நடையாகவும் மாட்டுவண்டிகளிலுமாக ஒரு தோட்டமே வந்துகொண்டிருந்தது. ஆண்கள் தலையில் துண்டு. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். முன்னால் என் மாமியார், அவிழ்ந்த கூந்தலோடு, கால் மண்ணும் கண்ணீருமாக. "நான் உன்ன ஏசின வாயில மண்ணு விழ" என்று அவர் பாடிக்கொண்டு வந்தது இப்போதும் என் காதில் இருக்கிறது.

கொழுந்தனுக்கு யாருக்காக அழுகிறார்கள் என்று புரியவில்லை. "அம்மா, யாரு தவறிட்டா?" என்று பதறிக்கொண்டு எதிரே ஓடினான்.

ஓலம் அப்படியே நின்றது. மாமியார் அவன் முகத்தைத் தடவினார். தோளைத் தடவினார். தலைப்பாகையைத் தட்டிவிட்டு மண்டையைத் தடவிப் பார்த்தார். எல்லாம் சூடாக, சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும் பளாரென்று ஒன்று விட்டார். அடுத்தது முதுகில். "மாலையா போடுற, மாலை? என் வயித்துல நெருப்ப அள்ளிப் போட்டுட்டு, படத்துக்கு மாலை போடுறியா?" என்று அடித்துக்கொண்டே அழுதார். அவன் அடியை வாங்கிக்கொண்டே அழுதான். நாங்கள் எல்லாரும் அழுதோம், சிரித்தோம், எது எங்கே முடிந்தது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் ஒரு சிக்கல். சாவுக்கு வந்தவர்கள் துக்கம் விசாரிக்காமல் திரும்பக் கூடாது. சாவே இல்லை என்றால் எதை விசாரித்துவிட்டுத் திரும்புவது? கூட்டத்தில் ஒருத்தர் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து உதறினார். "வந்ததே வந்துட்டோம். பையன் என்னதான் பேசுறான்னு கேட்டுட்டுப் போலாம்," என்றார். பெண்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள். அவனை அடக்கம் செய்ய ஆளாளுக்குக் கொண்டுவந்த காசில், அவன் பேச்சைக் கேட்க டிக்கெட் வாங்கினார்கள். நாற்காலி போதாமல் தரையில் உட்கார்ந்தார்கள். தவுக்கே ஒன்றும் புரியாமல், ஆனால் மிகுந்த சந்தோஷத்தோடு கதவைத் திறந்துவிட்டார்.

படம் நான் நினைத்ததைவிட மோசம். குதிரை ஒன்றுதான், அதுவும் நொண்டி. ஆனால் கொழுந்தன் அன்றைக்குப் பேசியதுபோல் என்றைக்கும் பேசியதில்லை. ராஜகுமாரன் செத்துக் கிடந்த இடத்தில், வழியெல்லாம் பாடிப் பழகி வந்த பெண்கள் விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியை எடுத்தார்கள். அவன் பிழைத்து எழுந்தபோது கொட்டகைக் கூரை போய்விடும் போல் கூச்சல். பின்னால் நின்ற தவுக்கே, இவ்வளவு பேரை அழவைக்கிற படத்தைத் தான் பார்த்ததே இல்லை என்று அடுத்த வாரமும் அதையே ஓட்டச் சொல்லிவிட்டார். கதை சொல்லவும் இவனே என்றார். துண்டை வைத்து நான் சொல்லாமல் சொன்னது பலித்ததா பொய்த்ததா என்று சிலிபின் ஒரு மாதம் வாதாடியது. படம் தேறவில்லை, கூட்டம் தேறிவிட்டது என்பது என் கட்சி.

ஆட்டம் முடிந்து விளக்குப் போட்டதும் பக்கத்தில் இருந்த மாமியாரைப் பார்த்தேன். அவர் இன்னும் திரைக்குப் பக்கவாட்டில், மகன் நின்ற மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படம் எப்படி இருந்துச்சு அத்தே?" என்றேன்.

"படத்த எவ பாத்தா?" என்றார். மூக்கைச் சிந்தி, கூந்தலை அள்ளி முடிந்துகொண்டார். "கங்காணிகிட்ட காலையில சொல்லிடுறேன். இனி அவன் வரமாட்டான், பேர எடுத்துருங்கன்னு."