பச்சைமுத்துவின் முறை

மேலே நின்று மரம் அறுக்கும் சவுரிராயன் ரம்பத்தை இழுக்கிறார். கீழே பள்ளத்தில் நின்று பேய் இழுக்கிறது. திண்டிவனம் ரயிலடியில் மல்லாட்டைக் கடலை வறுத்து விற்கும் சின்னபொண்ணு சொன்ன சேதி இது. "கீழ ஆளே கெடையாது சாமி. ரம்பம் தானா எறங்குது. பாத்துட்டு ஓடியாந்துட்டேன்!" யுத்த காலத்தில் அரிசி கிடைக்கவில்லை, மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, கூலிக்குப் பேய் கிடைக்கிறதென்றால் விடலாமா? பத்திரிகைக்குப் பேட்டி காணப் புறப்பட்டேன்.

விறகுத் தொட்டிக்குப் பின்னால் பள்ளம். குறுக்கே கிடத்திய வேப்பமரத்தின் மேல் ஒற்றை ஆளாகச் சவுரிராயன். கழுத்தில் ஜெபமாலை, காதில் பீடி. ஒரு பலகை அறுபட்டு விழும்வரை அதைப் பற்றவைக்க மாட்டார்.

பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். ரம்பத்தின் கீழ்ப்பிடியில் ஓர் உடைந்த அம்மிக்கல் தொங்கியது. இவர் மேலே தூக்குகிறார். கல் கீழே இழுக்கிறது. பேய் அவ்வளவுதான். பேட்டிக்கும் வாய் திறக்காது. ஒரு நாள் வேலை நாலு நாள் ஆகிறது. மரம் கொடுப்பவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள்.

"ஒரு ஆளை வச்சுக்கக் கூடாதா?"

"அது எப்பிடிங்க? கீழ எறங்குற மொற பச்சைமுத்துவோடது."

மேலே நிற்பவருக்குக் காற்று. கீழே நிற்பவருக்குத் தலையெல்லாம், கண்ணெல்லாம் மரத்தூள். அதனால் சவுரிராயனும் கூட்டாளி பச்சைமுத்துவும் காலையில் ஒருவர், மதியத்துக்கு மேல் மற்றவர் என்று இறங்குவார்கள். மீசை முளைத்த நாளிலிருந்து அப்படித்தான். போன வருஷம் ஒருநாள் காலை சவுரிராயன் இறங்கி முடித்தார். "வெத்தல வாங்கிக்கினு வர்றேன்" என்று போன பச்சைமுத்து இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறார். கூட்டேரிப்பட்டில் மச்சானுடைய காப்பிக் கடையில் டம்ளர் கழுவுவதாகக் கேள்வி.

"பக்கத்து ஊர்தானே, போய்க் கூப்பிடலாமே?"

"நான் எதுக்குப் போவணும்? அர நாள் பாக்கி வச்சிக்கினு போனவன் அவன். அவன்தான் வரணும்."

செருப்பைக் கழற்றினேன். "இன்னைக்கு ஒரு நாள் நான் இறங்குறேன்."

"பேஜாரு பண்ணாதீங்க. வேற ஆளு எறங்கிட்டா அவன் பாக்கி தீந்துபூடும். அப்புறம் அவன் எதுக்கு வருவான்?"

செருப்பை மாட்டிக்கொண்டேன். அவர் ரம்பத்தை மேலே தூக்கினார். உடனே விடவில்லை. குனிந்து பள்ளத்துக்குள் பார்த்து, "கண்ண மூடிக்கடா" என்றார். மூடிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். பிறகுதான் விட்டார்.