கஸ்பாரின் பகா எண்

பென்சில் முனையை நாக்கில் தொட்டுத் தொட்டு, 2971-ஆல் வகுத்துக்கொண்டிருந்தார் கஸ்பார். மேசைக்கு இந்தப் பக்கம் மதுரைக் குடும்பம் ஒன்று மழையில் ஊறிப்போய் அறைச் சாவிக்காக நின்றது. "மீதி வரட்டும், இருங்க," என்றார். மீதி வந்த பிறகுதான் சாவி வந்தது.

கொடைக்கானல் விடுதி ஒன்றில் இருபது வருஷமாக அவர் கிளார்க். எழுபத்து நாலாம் வருஷத்திலிருந்து அவர் வகுத்ததெல்லாம் ஒரே எண்ணைத்தான்: 11818183. அதன் நடுவில் மூன்று பதினெட்டுகள் வரிசையாக நிற்பதில் மயங்கி, எதனாலும் வகுபடாத பகா எண் அது என்று முடிவே கட்டிவிட்டார். நிரூபிப்பதுதான் பாக்கி. 3433 வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தால் போதும் என்று எங்கோ படித்திருந்தார். வாரத்துக்கு இரண்டு மூன்று வகுத்தல், மழை வாரத்தில் நாலு.

சகுனம் பார்ப்பவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். பூம்பாறையிலிருந்து விடுதிச் சமையலுக்குப் பூண்டு கொண்டுவரும் திருமலைச்சாமி நல்ல நேரம் பார்த்து மூட்டையை இறக்கினால் இவர் பிடித்துக்கொள்வார். "நம்பருக்கு ஏதுய்யா நல்லது கெட்டது? வகுபடும், இல்லாட்டி வகுபடாது. அம்புட்டுத்தான்." மூட்டையை இறக்க ஒரு கை கொடுக்கமாட்டார்.

மூன்று வருஷத்தில் கடைசி வகுத்தலும் மீதியோடு முடிந்தது. மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. புது வீட்டுக்கு அந்த எண்ணையே பெயராக வைத்துக் கருங்கல்லில் செதுக்கவைத்தார். வீட்டை ஜெபம் செய்து மந்திரிக்கப் பங்குச் சாமியாரையும் ஊரையும் அழைத்தார். நானூற்றெண்பது வகுத்தல்களின் பட்டியலைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன், பொய் சொல்வானேன்.

சட்டத்தைத் துடைத்தபடி வரிசையைப் படித்துக்கொண்டிருந்த மனைவி அடைக்கலமேரி, மூன்றாம் வகுப்பு டீச்சர், சட்டென்று நிறுத்தினார்.

"பதினொண்ணுக்கு அப்பறம் பதினேழு போட்டிருக்கீங்க. பதிமூணு எங்கங்க?"

"பதிமூணு நம்மகிட்ட கெடையாது," என்றார் கஸ்பார், விடுதியில் அறை கேட்டு வந்தவருக்குச் சொல்வதுபோல.

சொன்ன பிறகுதான் அவர் முகம் வெளுத்தது. அவர் விடுதியில் பன்னிரண்டாம் அறைக்கு அடுத்தது பதினான்கு. பதிமூணு ஆகாது என்று வெள்ளைக்காரன் விட்டுப்போன பயம். இருபது வருஷமாக அதைத் தாண்டித் தாண்டி எழுதிய கை, இங்கேயும் தாண்டிவிட்டது.

டீச்சர் அவர் சட்டைப் பையிலிருந்த பென்சிலை உருவி, புதுச் சுண்ணாம்புச் சுவரிலேயே வகுத்தார். விடை 909091. மீதி ஒன்றுமில்லை. வாசலில் கொத்தனார் வேலப்பன் பதிக்கவேண்டிய பெயர்க் கல்லைப் பிடித்தபடி நின்றார். யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். எனக்கே பாவமாகிவிட்டது.

"இந்தச் சின்ன நம்பர் பகா எண்ணாத் தேறும்ங்க," என்றார் அடைக்கலமேரி மெதுவாக. "இதை வகுக்குறது எதுவும் பெரிசையும் வகுத்திருக்குமில்ல? நீங்க பாத்த அத்தனையும் இதுக்கும் சேத்தி. பதிமூணு ஒண்ண மட்டும் பாத்துருங்க."

கஸ்பார் பென்சிலை வாங்கிக்கொண்டு சுவரருகே போனார். பென்சிலை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, நெற்றியிலும் மார்பிலும் தோள்களிலும் தொட்டுச் சிலுவை போட்டார். அதற்குப் பிறகுதான் பதின்மூன்று என்று எழுதினார்.