பத்தாவது ஆள்

கராத்தே உடுப்புகளைத் துவைப்பது ஹதானோ வீட்டில் தெய்ஜியின் வேலை. பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, ரத்தம் பட்ட இடத்தில் சோப்பைத் தேய்த்து, கட்டைவிரல் நகத்தால் சுரண்டிய பிறகுதான் மெஷினில் போடுவார். வெந்நீர் பட்டால் கறை உறைந்துபோகும். மனைவி யாசுயோவைத் தொடவிட மாட்டார். சூப்பர்மார்க்கெட்டின் பின்கட்டில் நாள் முழுக்கக் கட்லெட் பொரிக்கிற கை அவளுடையது. எத்தனை கழுவினாலும் எண்ணெய் வாடை போகாது.

அன்று சனிக்கிழமை மத்தியானம். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது யாசுயோ பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இடது தொடை கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. போன வாரக் கராத்தே பயிற்சியில், கூடப் பயிலும் இளைஞன் ரியோஹெய் உதைத்த இடம். உதைத்தவனுக்கே இவ்வளவு பட்டது தெரியாது. அவள் அப்போது முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை.

“சென்செய்கிட்ட சொல்லிடலாம். உன் தேர்வை மூணு மாசம் தள்ளி வைப்பாரு,” என்றார் தெய்ஜி, மருந்துப் பட்டையை ஒட்டியபடி.

“சொல்லித்தான் பாருங்களேன். இனிமே உங்க துணிய நானே துவைப்பேன். வெந்நீர்ல.”

நாளைக்கு அவளுக்குக் கறுப்பு பெல்ட் தேர்வு. பத்துப் பேருடன் அடுத்தடுத்துச் சண்டை. கையுறை கிடையாது. முகத்தில் குத்தக்கூடாது, உதைக்கலாம். குத்தும் உதையும் நிஜம். ஜெயிக்க வேண்டியதில்லை, கடைசி வரை நிற்க வேண்டும். அந்தக் கடைசி ஆள் தெய்ஜி.

அமகாசாகியில் அவர்கள் பயிலும் மாடிக்கூடத்தில் கறுப்பு பெல்ட் கட்டிய ஒவ்வொருவரும் அவரைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள். எரிவாயு சிலிண்டர்களைத் தோளில் ஏற்றி, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளில் மாடி மாடியாக ஏறி இறங்குகிற கால் அவருடையது. அவருக்குக் கோபமும் வராது, இரக்கமும் வராது. பத்தாவது ஆளுக்கு அப்படி ஒருவர்தான் வேண்டும் என்பது கூடத்தின் ஆசிரியரான சென்செய்யின் கணக்கு. இளசுகள் அவருக்கு வைத்த பேர் டோல்கேட். ‘தெய்ஜி விட்டுக்கொடுத்ததால் பாஸானான்’ என்று ஒருத்தனைப் பற்றியும் யாரும் சொன்னதில்லை. சொந்த வீடு இல்லை, கார் இல்லை. அந்தப் பேச்சு இல்லாததுதான் தெய்ஜியின் சொத்து.

யாசுயோ அங்கே முதன்முதலாகப் போனது, அவர் மறந்து விட்டுப்போன பெல்ட்டைக் கொடுக்க. வாசலில் நின்றவள் பயிற்சி முடியும்வரை செருப்பைக் கழற்றாமலேயே நின்றாள். அடுத்த வாரம் கழற்றினாள். ‘ஐயோ, அடி வாங்கவா போற?’ என்று கடையில் கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பதில் இது:

“இங்க காலையிலேருந்து ‘மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க’ன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. அங்க யாரும் யார்கிட்டயும் மன்னிப்பு கேக்கறதில்ல. அவன் அடிக்கறான், நான் அடிக்கறேன். முடிஞ்சதும் குனிஞ்சு வணங்கிக்கறோம். வீட்டுக்கு வந்தா நல்லாத் தூக்கம் வருது.”

பட்டையை ஒட்டிய கையோடு தெய்ஜி மாடிக்கூடத்துக்குக் கிளம்பினார். கமெயாமா சென்செய் தரையில் உட்கார்ந்து, கிழிந்த உதைப்பைக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு என்னை விட்டுடுங்க சென்செய். வேற யாரையாவது கடைசியா வைங்க.”

சென்செய் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார். “காலையிலேயே உன் வீட்டம்மா வந்துட்டுப் போயிட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள நீ வந்து இப்படிக் கேப்பேன்னாங்க. ஒத்துக்காதீங்கன்னும் சொன்னாங்க.”

கால் விஷயம் நாக்கு நுனிவரை வந்தது. “ஓஸ்,” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார். அங்கே சரி என்பதற்கும் அதுதான் சொல், வேறு வழியில்லை என்பதற்கும் அதுதான்.

வழியெல்லாம் அதே யோசனை. அந்தத் தொடையைத் தொடாமல் விட்டால் அது விட்டுக்கொடுத்தல். தொட்டால், வீட்டில் மருந்து போடும்போது தெரிந்துகொண்டதைச் சபையில் எடுத்து அடிப்பது. இரண்டும் அசிங்கம்தான்.

ஞாயிற்றுக்கிழமை யாசுயோ வலது காலை முன்னே வைத்தே சண்டையிட்டாள். அது அவளுடைய வழக்கமான நிலை இல்லை. புது வித்தை என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். இடது கால் பின்னால் பத்திரமாக ஒளிந்திருப்பது வரிசைக் கடைசியில் மண்டியிட்டிருந்த தெய்ஜிக்குத்தான் தெரியும். நாலாவது ஆளிடம் மூச்சு வாங்கினாள். ஆறாவது ஆளாக வந்த ரியோஹெய் நெஞ்சில் விட்ட குத்தில் சுவர் வரை போய்த் திரும்பினாள். ஒன்பதாவது ஆள் முடிந்தபோது அவளுக்குக் கை தோளுக்கு மேலே எழவில்லை.

“கட்லெட் கருகுது அக்கா, திருப்பிப் போடுங்க!” என்று கத்தினான் ரியோஹெய். கூடம் சிரித்தது. அவளும் சிரித்தாள், வாய் ஓரத்தில் ரத்தத்தோடு.

தெய்ஜி எழுந்துபோய் எதிரே நின்றார்.

“வணக்கம் சென்பாய்,” என்றாள். வீட்டில் ‘ஏங்க’, அங்கே அவர் அவளுக்கு மூத்த மாணவர்.

முரசு கொட்டியது. தெய்ஜி வயிற்றில் குத்தினார், விலாவில் குத்தினார். எல்லாம் முழு பலத்தோடுதான். கால் மட்டும் தரையை விட்டு எழவில்லை. கூடத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

யாசுயோ கவனித்தாள். ஓர் அடி பின்வாங்கி, அவர் கண்ணை நேராகப் பார்த்தாள். பிறகு வலது காலைப் பின்னுக்கு இழுத்து, இடது காலைத் தூக்கி அவர் முன்னால் வைத்தாள், விருந்தாளிக்குத் தட்டை நகர்த்தி வைப்பதுபோல.

தெய்ஜி உதைத்தார். மாடிப்படிகளில் பழகிய காலின் முழு கனத்தோடும், அந்தக் கத்தரிக்காய் நிறத்தின் நட்டநடுவில். நனைந்த மெத்தையைத் தடியால் அடித்தமாதிரி சத்தம். யாசுயோவின் முட்டி மடங்கி, தரையைத் தொட ஒரு சாண் இருக்கும்போது நின்றது. அப்படியே எழுந்து வந்தவள், எழுகிற வேகத்தில் அவருடைய வலது விலாவின் கீழே குத்தினாள்.

தெய்ஜி ஓர் அடி பின்னால் போனார். அந்தக் கூடத்தில் அவர் பின்னால் போய் யாரும் பார்த்ததில்லை. முடிவு முரசு கொட்டியது.

“டோல்கேட்டையே பேத்துட்டாங்கடா!” என்றான் ரியோஹெய். “சென்பாய், இன்னிக்கு வீட்டுல சோறு உண்டா உங்களுக்கு?”

“கட்லெட்டுதான்,” என்றார் தெய்ஜி, விலாவைப் பிடித்துக்கொண்டு. கூட்டத்தில் யாரோ ஒருத்தி அழுதாள். யாசுயோ அழவில்லை. தெய்ஜிக்கு மார்பு விம்மி, மூச்சு விட விலா வலித்தது. யாசுயோ பாஸானது தெய்ஜியால்தான் என்று இனி எவனும் வாயைத் திறக்க முடியாது.

வீட்டுக்கு வந்து, குளித்து, கட்லெட்டும் மிசோ சூப்பும் சாப்பிட்டார்கள். யாசுயோ காலை நீட்டிக்கொண்டாள். அவர் புதுப் பட்டை ஒட்டினார். பிறகு வாளியில் ஊறிய இரண்டு உடுப்புகளையும் எடுத்துச் சோப்பைத் தேய்க்க ஆரம்பித்தார்.

“ஏங்க.”

“ம்.”

“நானா காலை மாத்தி வைக்கலேன்னா, அடிச்சிருப்பீங்களா?”

நகத்தின் கீழே கறை மெல்ல விட்டுக்கொண்டிருந்தது. இரண்டு சட்டைகளில் எதிலிருந்த ரத்தம் யாருடையது என்று இப்போது தெரியவில்லை.

“உங்களைத்தான் கேக்கறேன்.”

தெய்ஜி வாளியைத் தூக்கிக்கொண்டு, மெஷின் இருந்த பால்கனிக்குப் போனார்.