ரெம்பியாவுல கழண்ட சீட்

சைக்கிள் முன்சக்கரத்தப் புடிக்கிற கார்பன் ஃபோர்க்க அளவு பாத்து ரம்பத்தால அறுத்தா ஒரு வாசம் வரும்... முடி கருகுற மாதிரி. கூடவே கறுப்புத் தூசி. தூசி பறக்காம இருக்க ஈரத்துணிய சுத்தி வச்சிக்கிட்டு, பாயா ரும்புட்ல எங்க வீட்டு அடுப்படிக்குப் பின்னால நானும் யோகேஸும் அறுத்துக்கிட்டு இருந்தோம்.

யோகேஸ் என்கூட புக்கிட் ரம்பாய் ஃபேக்டரில ஒரே ஷிஃப்ட். நான் கியூசி, தரம் பாக்குற வேலை. அவ பேக்கிங். லீவு நாள்ல ரெண்டு பேருக்கும் சைக்கிள்தான்.

அந்த வருஷம் எனக்குக் கல்யாணம் நடந்திருக்கணும். நிச்சயம் ஆகி, மண்டபம் பாத்து, கூறைச்சேலையும் எடுத்தாச்சு... அப்புறம் மாப்பிள்ளை வீட்டுல இருந்து ஒரு போன். வேணாம்னுட்டாங்க. காரணம்கூட சரியா சொல்லல.

அதுக்கப்புறம் எனக்கு வீட்டுல இருப்பே கொள்ளல. ஹால்ல இருந்தா கிச்சனுக்குப் போகணும்னு இருக்கும், கிச்சனுக்குப் போனா வாசலுக்கு. சொந்தக்காரங்க யாராச்சும் வந்து "பாவம் இந்தப் புள்ள"ன்னு ஆரம்பிச்சா, ஹெல்மெட்ட எடுத்துக்கிட்டு கிளம்பிடுவேன்.

ஞாயித்துக்கிழமை காலைல எங்க தாமான்ல, அதான் குடியிருப்புல இருந்து, யோகேஸையும் என்னையும் சேத்து ஒரு குரூப் ரெம்பியா வரைக்கும் ஓட்டும். அங்க ஒரு கடைல ரொட்டி சானாய், தே தாரிக்னு பசியாறிட்டு, அப்புறம் வீடு. ரெம்பியாவுக்கு முன்னால ஒரு மேடு இருக்கு. அதுல என்னைய எல்லாரும் விட்டுட்டுப் போயிடுவாங்க. என்னோடது பழைய இரும்பு சைக்கிள். நான் போய் சேர்றப்போ அவங்க சாப்பிட்டு முடிச்சிருப்பாங்க.

"பரவால்ல லா, மெதுவா வாங்க"ம்பாங்க.

நல்ல மனசோடதான் சொல்லுவாங்க. ஆனா வீட்டுல கேக்குற அந்த 'பாவம்' மாதிரியேதான் என் காதுல விழும்.

அப்பதான் லேசா ஒரு சைக்கிள் செய்யணும்னு வெறி புடிச்சது. அலோர் காஜால ஒருத்தர்கிட்ட பழைய அலுமினியம் ஃப்ரேம் கெடச்சுது. அதுல ஒவ்வொண்ணா கோத்தோம். கார்பன் ஃபோர்க், லேசான வீல், மெல்லிசான டியூப். அம்மா கேக் செய்ய வச்சிருந்த தராசு எங்ககிட்ட வந்துருச்சு. மைதா நிறுத்த தட்டுல இப்ப பெடலும் பிரேக்கும்.

கழட்ட முடிஞ்சத எல்லாம் கழட்டுனேன். ரெண்டாவது பாட்டில் கூடு, ரிஃப்ளெக்டர், டயர் வால்வு மேல இருக்குற அந்தக் குட்டி மூடிகூட. இரும்பு போல்ட் எல்லாத்தையும் மாத்தி அலுமினியம் போல்ட்.

"அடுத்து என்ன, பெயிண்ட்ட சொரண்டலாமா?"ன்னு யோகேஸ் கிண்டல் பண்ணா.

நான் கொஞ்ச நேரம் யோசிச்சேன்.

அம்மா வெங்காயம் நறுக்கிக்கிட்டே பாத்துக்கிட்டு இருப்பாங்க. "நீ ரெண்டு வேளை சோத்தக் கொறச்சா போதுமே. எதுக்குடி அந்த சைக்கிளப் போட்டுப் படுத்துற?"

ஒருநாள் நான் சீட்ட தராசுல வச்சிருந்தேன். அம்மா பக்கத்துல வந்து நின்னாங்க. தராசையே பாத்துக்கிட்டு கேட்டாங்க.

"அந்தச் சேலைய யாருக்காச்சும் குடுத்துடவா?"

"குடுத்துடுங்கம்மா."

"உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லம்மா."

அவ்ளோதான் பேசுனோம். அம்மா போய் ஒல வச்சாங்க. நான் அந்த சீட்ட எடுத்து மறுபடி மறுபடி நிறுத்துக்கிட்டே இருந்தேன்.

முழுசா கோத்து முடிச்சப்போ சைக்கிள் எட்டு கிலோவுக்குக் கீழ வந்துச்சு. ஒத்தக் கையால தூக்கி யோகேஸ்கிட்ட குடுத்தேன். அவ வாங்கிட்டு, "ஐயோ... கோழி மாதிரி இருக்குடி"ன்னா.

அடுத்த ஞாயிறு அந்த மேடு. மூச்சு முட்டுது, தொட எரியுது, ஆனா முன்னால போறவங்க முதுகு தள்ளிப் போகல. கிட்ட வருது. ஒருத்தரைத் தாண்டுனேன். இன்னொருத்தரை. உச்சில எனக்கு முன்னால யாருமே இல்ல.

சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன். ஒண்ணுமே தோணல. அடுத்து எதக் கழட்டலாம்னுதான் மண்டைல ஓடுச்சு.

ரெம்பியா கடைகிட்ட ஒரு பள்ளம். சீட்டுக்கு அடியில 'டக்'னு ஒரு சத்தம். போல்ட் ரெண்டு துண்டு. அந்த இடத்துல அலுமினியம் தாங்காதுன்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியல. சீட் ரோட்டுல உருளுது, நான் எப்படியோ பெடல்ல நின்னுக்கிட்டே போய் கடை வாசல்ல நிறுத்துனேன்.

குரூப்ல இருந்த ஒரு அங்கிள் ஓடி வந்தாரு. "பாவம்மா நீ. இரு, என் மகன வேன் கொண்டாரச் சொல்றேன்."

"வேணாம் அங்கிள். நான் ஓட்டிட்டே போறேன்."

"சீட் இல்லாமயா?"

"நின்னுக்கிட்டே."

 யோகேஸ் டூல்ஸ எடுத்து, குத்தாம இருக்க சீட் கம்பிய அடி வரைக்கும் எறக்கி விட்டா. என் சீட்ட அவ ஜெர்சிக்குப் பின்னால சொருகிக்கிட்டா. கூனி மாதிரி இருந்தா.

பாயா ரும்புட் வரைக்கும் நின்னுக்கிட்டே மிதிச்சேன். காலு நடுங்குது. செம்பனைக் காய் ஏத்துன லாரிக்காரன் ஹார்ன் அடிச்சிட்டுப் போறான். வழில கம்பத்துல இருக்குற மலாய்ப் பசங்க, "காக், டுடுக்லா காக்"னு கத்துறாங்க. அக்கா, உக்காருங்கக்கான்னு!

யோகேஸுக்கு சிரிப்பு தாங்கல. என்னைய சிரிக்க வைக்காதடின்னு சொல்ல வாயத் தொறந்தேன்... எனக்கும் வந்துருச்சு. சிரிச்சா பேலன்ஸ் போகுது, எறங்குறேன், ஏறுறேன், மறுபடி சிரிப்பு. அந்த போன் வந்ததுக்கப்புறம் நான் அப்படி சிரிச்சது அன்னிக்குத்தான்.

கேட்டுகிட்ட அம்மா நின்னுக்கிட்டு இருந்தாங்க. சைக்கிள மேலயும் கீழயும் பாத்தாங்க.

"சீட்டையும் கழட்டிட்டியாடி?"

அம்மா சிரிச்சாங்களா அழுதாங்களான்னு எனக்குச் சரியா தெரியல. முந்தானையால முகத்த மூடிக்கிட்டாங்க.

அது நடந்து பல வருஷம் ஆச்சு. இப்ப என்கிட்ட இருக்குறது கடைலயே கோத்துக் குடுத்த சைக்கிள். நாங்க கோத்ததவிட லேசுதான். எத்தன கிலோன்னு கேட்டா நெட்ல தேடித்தான் சொல்லணும். ஃபேக்டரிலயும் நான் இப்ப ஆபீஸ் பக்கம்... மீட்டிங் மேல மீட்டிங். யோகேஸ் கல்யாணமாகி ஜொகூர் போயிட்டா.

போன வாரம் போன்ல கூப்பிட்டா. "இன்னும் ஓட்டுறியாடி?"

"மழை இல்லன்னா. நீ?"

"எங்க லா... சைக்கிள் மாடில கெடக்கு. டயர்ல காத்து இருக்கான்னுகூடத் தெரியல."

"இந்தப் பக்கம் வந்தா சொல்லு. நான் காத்து அடிக்கிற பம்ப் எடுத்து வைக்கிறேன்."

"வரேன்டி"ன்னா. எப்பன்னு நானும் கேக்கல, அவளும் சொல்லல.